ரூமானா, கிண்ணத்தைக் காலியாகவே கொடு

786

முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
செவ்வாய்க்கிழமை.

என் கண்ணான மகள் ரூமானாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அத்தாவும் உன் தம்பி முஆஸும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கம்போடியாவில் வயிற்றுக்கும் தலைக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் பேனா ஓடாது. போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று முஆஸ் காலையிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதுகொண்டே "அம்மா, நான் வந்துடவா" என்று கேட்டாய், நான் மூச்சுகூட விடாமல் "வா" என்று சொல்லிவிட்டேன். அத்தா அந்த நிமிஷமே முஆஸைப் பிடித்து உட்கார வைத்து டிக்கெட் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒன்று நடந்தது, அதனால் என் பதில் மாறிவிட்டது. மாறியதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் திரும்பவும் "வா" என்றுதான் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும். உங்கள் அமைப்பிலிருந்து தவளக்குப்பத்துச் சுடர்விழி டீச்சர் வியாழக்கிழமை அங்கே வருகிறாராம், இரண்டு கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், கணக்கு டீச்சர் இல்லையா. அவர் கையில்தான் பார்சலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அதுவரைக்கும் டிக்கெட் போடக் கூடாது என்று அத்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அத்தா கடையில் வேலை நெருக்குகிறது. மழை பெய்து ஓய்ந்தால் ஊரில் இருக்கிற வண்டி சீட்டெல்லாம் ஒரே நேரத்தில் கிழியும் போலிருக்கிறது, காலை எட்டு மணிக்கே நாலு பேர் சீட் கவர் மாற்ற வந்து நிற்கிறார்கள். அவர் பாதி நேரம் தைக்கிறார், மீதி நேரம் உன் புராணம். "எம் பொண்ணு வெளிநாட்ல இங்கிலீஷ் டீச்சரு" என்று ஆரம்பித்துவிடுவார், அவர்கள் உடனே சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டிய அந்த இடத்தில் அவருக்குச் சரியாக இருமல் வந்துவிடும். நீ போகிறேன் என்று நின்றபோது உன் பக்கம் பேசியவர் அவர், முறைத்துக்கொண்டு அலைந்தவள் நான். இப்போது இருமுகிறவர் அவர், "சும்மாதான் போயிருக்கா, அதுக்கு இன்னா இப்ப" என்று தெருவில் மல்லுக்கு நிற்கிறவள் நான். மூலை வீட்டு முசே தேவதாஸ் இருக்கிறாரே, அவருடைய பாட்டனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனில் உத்தியோகம் பார்த்தவராம், அதனால் கம்போடியாவைத் தன் வீட்டுக் கொல்லை மாதிரியே பேசுகிறார். "அந்தப் பக்கத்துல ஒரு மெர்சி சொன்னா போதும்மா, எல்லாக் கதவும் தொறக்கும்" என்றார். நீ பிரெஞ்சில் பேசிப் பார்த்து ஒரு ஆளுக்கும் புரியவில்லை என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை, பெரியவர் மனசை எதற்கு நோகடிப்பது. தைரியமாக இருக்கச் சொல்லி உனக்கு "போன் குராஜ்" சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

நீ போன முதல் வாரம் இந்த வீட்டில் தினமும் பெருநாளாகத்தான் இருந்தது. உன் வாய்ஸ் மெசேஜ் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு கேட்போம். உயரமாகக் கால் நட்டு அதன் மேல் கட்டிய மர வீடு, அதற்கு அடியில் வகுப்பு, மூன்றே பெஞ்சு, முப்பத்தொரு பிள்ளைகள், நடுவில் கோழி வேறு. நீ "குட் மார்னிங்" என்றால் அவர்களும் "குட் மார்னிங்". நீ "சிட் டவுன்" என்றால் ஒரு பிள்ளையும் உட்காராமல் அவர்களும் "சிட் டவுன்". டீச்சர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வதுதான் பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் நீ பொறுமை போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு தமிழில் "அடச்சே, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று சொல்ல, முப்பத்தொரு பிள்ளைகளும் தலையில் கை வைத்துக்கொண்டு "அடச்சே, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று பாடினார்களே, அதைக் கேட்டு அத்தாவுக்குப் புரையேறி முதுகில் நாலு தட்டுத் தட்ட வேண்டியதாகிவிட்டது. இப்போது அந்த மெசேஜைக் கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். அதில் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு குரல் மட்டும் பின்தங்கி இழுத்துக்கொண்டு வந்து முடிக்கும், அதுதான் போபா என்று சொன்னாய். எட்டு வயது, முன் பல் இரண்டு இல்லை, நீ எங்கே நடந்தாலும் உன் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறாள் என்று சொன்னாய். பார்க்காமலேயே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி கறிவேப்பிலை ஒடிக்கக் கொல்லைப்பக்கமாக வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "இன்னாக்கா, பொண்ணு நெனப்பா" என்று கேட்டாள். நீ சொன்னதை வரிசையாக அவளிடம் சொன்னேன், சரியாகத்தான் சொன்னேனா என்று நீயே பார். போபாவுக்கு அப்பா இல்லை, அம்மா ஏரிக்கரையில் மீன் அறுத்துக் காய வைக்கிற வேலை செய்கிறாள். டீச்சருக்கு என்று அந்த அம்மா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். நீ சாப்பிட்டுவிட்டு, வெறுங்கிண்ணமாகத் திருப்பக் கூடாதே என்று அதில் பிஸ்கட்டும் சர்க்கரையும் போட்டு அனுப்பினாய். மறுநாள் அதே கிண்ணத்தில் இரண்டு முட்டை வந்தது, நீ பால் பவுடர் பாக்கெட்டை வைத்து அனுப்பினாய். அதற்கு மறுநாள் மாங்காயும் கருவாடும் வந்தது, நீ அரிசியும் நூடுல்ஸும் கிண்ணம் கொள்ளாமல் நிரப்பி அனுப்பினாய். அதோடு கிண்ணமும் வரவில்லை, போபாவும் வரவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு உன்னோடு வேலை செய்கிற அந்த ஊர் வண்ணா டீச்சரை வீட்டுக்கு அனுப்பினாய். கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை, டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பது என்று தாய் பிள்ளையை நிறுத்திவிட்டாள், இப்போது மீன் அறுக்கக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று வண்ணா டீச்சர் வந்து சொன்னார். ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வந்துவிட்டு வந்துகொண்டிருந்த பிள்ளையையும் நானே துரத்திவிட்டேன் என்று நீ விக்கி விக்கி அழுதாய். இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்று உனக்கு நடை வந்த நாளிலிருந்து காதில் போட்டவள் நான்தான். நீ கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நிறுத்தி மூடியைத் திறந்து பார்ப்பேன், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவேன்.

அஞ்சலாட்சி அடப்பாவமே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கறிவேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன் பொண்ணு உன்ன அப்படியே உரிச்சி வெச்சிருக்காக்கா. நீ எனக்குப் பண்ணத அவ அங்க போயி பண்ணிருக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கொஞ்சம் கோபம்கூட வந்தது, நான் உனக்கு என்னடி பண்ணினேன் என்று கேட்டேன். அவர்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வருஷம் அவள் புருஷன் அன்பழகனுக்கு வேலை இல்லை, உனக்கு அப்போது ஆறு வயது, முஆஸ் கைக்குழந்தை. பெருநாளைக்குப் பிரியாணி அனுப்பினேன், டப்பாவில் கொழுக்கட்டை வந்தது. ஆகா, நல்ல மனுஷி என்று அடுத்த வாரம் சேமியா அனுப்பினேன், அதிரசம் வந்தது. நான் பாட்டுக்குச் செய்கிறதையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவள் சொல்கிறாள், "உன் டப்பா எங்க ஊட்ல இருந்தாலே எனக்குச் சோறு எறங்காதுக்கா. இதுல இன்னாத்தப் போட்டுக் குடுக்கறதுன்னு நாள் பூரா அதே யோசன. எம் புள்ளைங்களுக்கு இல்லன்னுட்டு உன் டப்பாவுல போட்டுக் குடுத்திருக்கேன். நீ டப்பாவோட வரத பாத்துட்டு கதவ சாத்திக்கினு உள்ள குந்தினு இருந்திருக்கேன்." ரூமானா, அந்தக் கதவைச் சாத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிராமத்தில் நிலம் வைத்திருக்கிற குடும்பம் இல்லையா, அதுதான் தலைக்கனம் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

அப்புறம் எப்படி நின்றது என்று கேட்டேன். "நீதான்க்கா நிறுத்தின" என்றாள். அத்தாவின் விரலில் தையல் மெஷின் ஊசி ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, அந்த நாளைச் சொன்னாள். நான் யாரையும் யோசிக்காமல் அவள் கதவைத் தட்டி, முஆஸை அவள் இடுப்பில் வைத்து, உன்னையும் உள்ளே தள்ளிவிட்டு ஓடினேன், மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தேன். "இந்தா புள்ளைய புடின்னு கையில குடுத்துட்டு ஓடின பாரு, என்னியும் ஒரு ஆளா நெனச்சிக் கேட்ட பாரு, அதுக்கப்பறம் உன் டப்பாவ காலியா குடுக்க எனக்கு வெக்கமே இல்லாம போச்சிக்கா" என்றாள். அன்றிலிருந்து அந்த டப்பா காலியாகத்தான் வருகிறதாம். பதினெட்டு வருஷம், ஒரு நாள்கூட நான் கவனிக்கவில்லை. நான் விதவிதமாகச் செய்து கொடுத்ததால்தான் அவள் என்னோடு ஒட்டிக்கொண்டாள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், மரமண்டை. அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள், எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கும் அவள் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஆகவே நீ போபா வீட்டுக்குப் போ. கையில் எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே, ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போ என்று என் மகளுக்கு நானே எழுதுகிறேன், எழுதும்போதே கை கூசுகிறது. போய் அந்த அம்மாவிடம் உனக்கு வேண்டியதைக் கேள். நடிக்காதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள், நிஜமாகவே வேண்டியதைக் கேள். உனக்கு நிஜமாகவே மீன் வாங்கத் தெரியாது. இருபத்து நாலு வயதாகியும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கடைக்காரன் சிரிப்பைப் பார்த்து மீன் வாங்குகிறவள் நீ. போன வாரம்கூட அங்கே சந்தையில் கெட்ட மீனை வாங்கிச் சாப்பிட்டு ஒரு நாள் முழுக்கச் சுருண்டு படுத்தேன் என்று சொன்னாய், அதை அத்தாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டிருப்பார். மீனோடேயே நாளெல்லாம் இருக்கிற பெண்பிள்ளை அவள், என்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், எது நல்ல மீன் என்று காட்டுங்கள் என்று கேள். பாஷைக்கு வண்ணா டீச்சரை வைத்துக்கொள், ஆனால் கேட்பது உன் வாயால் இருக்கட்டும், முகத்தைப் பார்த்துக் கேள். நீ பொறுக்குகிற மீனைப் பார்த்து அவள் சிரித்தால் நீயும் சிரி. அதற்குப் பிறகு கிண்ணத்தில் ஏதாவது வந்தால் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகக் கழுவித் துடைத்து, காலியாகக் கொடு. இப்படிச் செய்தால் போபா மறுநாளே வந்து நிற்பாள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அந்த வீட்டில் வேறு என்ன கஷ்டமோ, முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு என்ன தெரியும். ஆனால் நீ விமானம் ஏறிவிட்டால் அந்தத் தாய் தன்னால்தான் டீச்சர் போய்விட்டாள் என்று நினைப்பாள், அது மட்டும் எனக்கு அஞ்சலாட்சியைப் பார்த்த பிறகு நன்றாகத் தெரிகிறது.

பார்சலில் மிளகாய்த்தூள், எலுமிச்சை ஊறுகாய், உனக்கு இரண்டு பருத்தி சல்வார் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் கொடுக்கிற நோய் எனக்கு மட்டும் இல்லை, அத்தாவுக்கும் இருக்கிறது. மிச்ச ரெக்ஸின் துண்டுகளில் முப்பத்தொரு பென்சில் பை தைத்து வைத்திருக்கிறார், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று, ஜிப் வைத்து, கடை வேலையை நிறுத்திவிட்டு. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதனால் இப்படிச் செய், வீடு வீடாகக் கொடுக்காதே, பள்ளிக்கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டு, முப்பத்தொருவரும் இருக்கிற நாளில் வண்ணா டீச்சர் கையால் கொடுக்கச் சொல். முப்பது பேர் இருக்கிற நாளில் திறக்கவே திறக்காதே. அந்தப் பைகளின் எடையால் மைசூர்பாகு வைக்க முடியவில்லை, கோபம் இருந்தால் அத்தாவிடம் காட்டு. மூலக்குளத்தில் உன் சித்தப்பா மகள் இஷ்ரத்துக்கு நிக்காஹ் பேசி முடித்தாயிற்று, இரண்டு மாதத்தில் தேதி. ரூமானா இல்லாமல் யார் எனக்கு மருதாணி வைப்பது என்று அழுகிறாள். முஆஸ் நான் வைக்கிறேன் என்றான், அதோடு அழுகையை நிறுத்திவிட்டாள்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் கடிதத்தை ஒட்ட மாட்டேன். நீ கிளம்பிய அன்றிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் நான் ஒன்றே ஒன்றைத்தான் துஆ கேட்டேன். அந்த ஊர் உனக்கு ஒட்டக் கூடாது, சீக்கிரமே வெறுத்துப்போய் நீ திரும்பி வந்துவிட வேண்டும் என்று. உன் மெசேஜைக் கேட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, எழுந்துபோய் அதைத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழுதபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை ரூமானா, சந்தோஷம். கேட்டது கிடைத்துவிட்டது என்று சந்தோஷம். அதனால்தான் அவ்வளவு சீக்கிரமாக "வா" என்றேன். அஞ்சலாட்சி எழுந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது எனக்குக் கிடைக்க, எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடத்தை விட்டு மீன் அறுக்கப் போக வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு மகள் எனக்கு வேண்டாம், அதாவது அப்படித் திரும்பி வருகிற மகள்.

நேற்று விடியற்காலை ஃபஜ்ர் தொழுகையில் மாற்றிக் கேட்டேன். லேசில் வரவில்லை, பாதியில் நாக்கு பழைய துஆவுக்கே போயிற்று, பிடித்து இழுத்துக் கொண்டுவந்தேன். போபா வகுப்புக்கு வர வேண்டும், அவள் வரும்போது என் மகள் அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். உன்னை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று அல்லாஹ்விடமே சொல்லிவிட்டேன், இனி உன்னிடம் சொல்ல எனக்கு என்ன பயம். வராதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை, இருந்தாலும் வராதே. ஆறு மாதத்தையும் முடித்துவிட்டு வா.

அல்லாஹ் உன் நாவிலும் உன் கையிலும் பரக்கத் செய்வானாக, அந்த முப்பத்தொரு பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்துக் காப்பானாக. அத்தா, முஆஸ், அஞ்சலாட்சி எல்லோரும் சலாமும் அன்பும் சொல்லச் சொன்னார்கள். கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் சொருகிக்கொண்டு படு.

உன்னைப் பெற்றவள்,
கனீஸ் பாத்திமா